நாய்க்கு ரத்தக் கழிச்சல்: விடியும்வரை பார்ப்பதா, டிரிப்ஸ் ஏற்றிக் கூட்டி வருவதா, மருத்துவமனையில் சேர்ப்பதா?

இரவு பதினொன்றரை மணிக்கு ஜூலி முதல் வாந்தி எடுத்தது. மஞ்சள் நுரையும் கொஞ்சம் சோறும். எதையோ தின்றிருக்கும், சரியாகிவிடும் என்று துடைத்துவிட்டுப் படுத்தோம். நான்கு மணிக்குக் கொல்லைக் கதவைப் பிறாண்டியது. திறந்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், சிமெண்டுத் தரையில் மலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சிவப்பாக, கொழகொழவென்று, ஜாம் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி ஒரு கரண்டி அளவுக்குக் கிடந்தது. ஆறு வயது, எட்டு கிலோ எடையுள்ள வெள்ளை ஸ்பிட்ஸ். வருடம் தவறாமல் தடுப்பூசி போட்ட நாய். முந்தின நாள் சாயங்காலம்கூட பால்காரரைக் குரைத்து விரட்டியது.

அந்த நேரத்தில் எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்பதரை மணிக்குப் பக்கத்துத் தெரு கிளினிக் திறக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்ப்பது. அங்கே டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அப்போதே வண்டியை எடுப்பது. நாங்கள் மூன்றையும் இதே வரிசையில் செய்தோம். ஒன்று சரிவராமல் போன பிறகுதான் அடுத்ததற்குப் போனோம். ஜூலி பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வரிசை தப்பு. ஏன் தப்பு என்று பிற்பாடு படித்தும், இரண்டு மூன்று மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருந்தின் அளவை உங்கள் நாயைக் கையால் தொட்டுப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். எங்கே, எப்போது, எதற்காகப் போவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

முதலில், ரத்தக் கழிச்சல் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. கோழி வளர்ப்பவர்கள் ரத்தக் கழிச்சல் என்று சொல்வது வேறு நோய். நாயில் ஐந்தாறு விஷயங்கள் இதே தோற்றத்தில் வரும். ஜூலிக்கு வந்ததற்கு ஹெமரேஜிக் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்று ஒரு பழைய பெயர் உண்டு. இரைப்பையில் பெரிதாக அழற்சி இல்லை என்று தெரிந்த பிறகு, இப்போது அக்யூட் ஹெமரேஜிக் டயரியா சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.எச்.டி.எஸ். என்கிறார்கள். பெரும்பாலும் சின்ன இனங்களுக்கு, நடுவயதில் வரும். முன்னறிவிப்பு இருக்காது. வாந்தி முதலில் வரும், சில மணி நேரத்தில் ரத்தக் கழிச்சல் தொடங்கும். குடலில் சாதாரணமாகவே இருக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை திடீரென்று பெருகி, குடல் சுவரின் செல்களில் ஓட்டை போடும் நச்சைச் சுரப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்பது இன்றைய புரிதல். நெட்-எஃப் என்பது அந்த நச்சின் பெயர். ஏன் திடீரென்று பெருகுகிறது என்பதற்கு உறுதியான பதில் இல்லை. அதனால் நேற்றுப் போட்ட பிரியாணி எலும்பை நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் பயன் இல்லை.

இதில் நாயைச் சாய்ப்பது ரத்தம் போவதல்ல, நீர் போவது. குடலின் உட்தோல் உரிந்ததும் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நீரும் புரதமும் குடலுக்குள் கொட்டுகின்றன. மிச்சம் இருக்கும் ரத்தம் பாகுபோல் கெட்டியாகிறது. சிவப்பைப் பார்த்து நாம் பதறுகிறோம். வெளியே வராமல் குடலுக்குள்ளேயே தேங்கி நிற்கும் தண்ணீர் நம் கண்ணில் படுவதே இல்லை. எங்கே போவது என்ற கேள்விக்கு இதுதான் அடிப்படை. எந்த வழியைத் தேர்ந்தாலும், போகிற வேகத்துக்கு அந்த வழியால் நீரை உள்ளே தர முடியுமா என்று பாருங்கள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது

இது எப்போதுமே தப்பான வழி அல்ல. வளர்ந்த, தடுப்பூசி போட்ட நாய்; துறுதுறுவென்று இருக்கிறது; அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது; கொஞ்சமாக, சளியோடு, நுனியில் ஒரு கோடு ரத்தம். வாந்தி இல்லை அல்லது ஒரே ஒரு முறை. இது பெரும்பாலும் பெருங்குடல் எரிச்சல். எலும்புத் துண்டு உரசியதாலோ, குப்பையைக் கிளறித் தின்றதாலோ வரும். விடியும்வரை பார்க்கலாம். தண்ணீரைக் கிண்ணத்தோடு வைக்காமல் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் வேண்டாம். பசி எடுத்தால் குழைந்த சோறும் உப்பு, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழிக் கறியும் நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

பார்க்கக் கூடாத நிலை வேறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றாலே காத்திருக்க வேண்டாம். தடுப்பூசி முடியாத நாய், சின்ன இனம், சினை நாய் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். குடித்த தண்ணீரையே வாந்தி எடுக்கிறதா, சிவந்த கழிச்சல் இரண்டாம் முறை வந்துவிட்டதா, கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறதா, அப்போதே கிளம்புங்கள்.

தோலைப் பிடித்து இழுத்துவிட்டு, அது உடனே திரும்பினால் நீரிழப்பு இல்லை என்று முடிவு கட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஏ.எச்.டி.எஸ்.-ல் அதை நம்பாதீர்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் அவ்வளவு வேகமாக வெளியேறுவதால் தோலுக்கு அடியில் இருக்கும் நீர் குறைவதற்குள் நாய் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது ரத்த ஓட்டமே குன்றிப்போகும் நிலைக்கு, போய்விடலாம். ஜூலிக்கு நான்கு மணிக்கு நான் செய்து பார்த்தது இந்தச் சோதனையைத்தான். தோல் அழகாகத் திரும்பியது. அதை நம்பி ஐந்தரை மணி நேரத்தை வீணாக்கினேன்.

அதற்குப் பதிலாக ஈறைப் பாருங்கள். உதட்டைத் தூக்கிப் பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். தாமதமானாலோ, ஈறு வெளிறியோ செங்கல் நிறத்திலோ இருந்தாலோ, கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ நிலைமை மோசம். இடது முழங்கை நெஞ்சில் படும் இடத்தில் கை வைத்தால் இதயத் துடிப்பு தெரியும். படுத்திருக்கும் சின்ன நாய்க்கு நிமிடத்துக்கு 160-ஐத் தாண்டினால் காத்திருக்கும் நிலை இல்லை. பாதங்களும் காது நுனியும் சில்லென்று இருந்தாலும் அதே. ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும் நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

வீட்டு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரோரூட்டுக் கஞ்சி, மாதுளைத் தோல், வெந்தயம் எல்லாம் வாந்தி எடுக்கும் நாயின் வாயில் ஊற்றினால் பாதி மூச்சுக்குழலுக்குள் போகும் அபாயம்தான் அதிகம். மனிதர்களுக்கான பேதி மாத்திரை, அதாவது லோபரமைடு, குடலின் அசைவை நிறுத்தும். நச்சும் உள்ளேயே தங்கும். கோலி போன்ற சில இனங்களுக்கு அது மூளைவரை போய்ப் பாதிக்கும். வலிக்கிறதே என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால், ஏற்கெனவே புண்ணான குடலுக்கு மேலும் புண். ஓ.ஆர்.எஸ். நல்லதுதான், வாந்தி நின்ற நாய்க்கு.

டிரிப்ஸ் ஏற்றி அழைத்து வருவது

நம் ஊர்களில் பெரும்பாலான நாய்களுக்கு நடப்பது இதுதான். காலையில் போனால் முன்னங்காலில் ஊசி ஏற்றி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பாட்டில் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் நீர், ஒரு வாந்தி ஊசி, ஒரு ஆன்டிபயாட்டிக், ‘ரத்தம் நிற்க’ ஒரு ஊசி. சாயங்காலம் மறுபடி வரச் சொல்வார்கள். செலவு குறைவு, நாய் வீட்டில் நம் கண் முன்னால் இருக்கும். லேசான நிலைக்கு இதுவே போதும். நான் இந்த முறைக்கு எதிரி அல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எட்டு கிலோ நாய். எட்டு சதவீத நீரிழப்பு என்று மருத்துவர் மதிப்பிட்டால், இழந்தது 640 மில்லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு சுமார் 60 மில்லி என்றால் 480. அன்று முழுவதும் இன்னும் போகப் போகிற வாந்தியும் கழிச்சலும் குறைத்துச் சொன்னாலும் 200. கூட்டினால் 1,300 மில்லியைத் தாண்டுகிறது. ஒரு பாட்டில் 500. மீதி 800 எப்படி உள்ளே போகும்? வாயால் போகாது, வாந்தி நிற்கவில்லை. காலையும் மாலையும் இரண்டு பாட்டில் போட்டாலும் குறை இருக்கிறது. அதற்கு மேல், வேகமாக ஏற்றிய நீரின் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் குழாயை விட்டு வெளியேறிவிடும். நாய் கிளினிக்கில் எழுந்து நின்று வாலாட்டும், நமக்கும் நிம்மதி. மூன்று மணிக்குத் திரும்பவும் சரியும்.

ஜூலிக்கு அப்படியே நடந்தது. பதினோரு மணிக்கு நடந்து வந்து காரில் ஏறியது, நான்கு மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலையில் கிளினிக்கில் பார்த்தவர் மோசமான மருத்துவர் என்று சொல்லமாட்டேன். ரத்தத்தின் கெட்டித்தன்மையை அளக்கவில்லை, அதனால் எவ்வளவு தேவை என்று அவருக்கும் தெரியவில்லை.

தோலுக்கு அடியில் நீர் ஏற்றுவது இதே வழியின் இன்னொரு வடிவம். தோள்பட்டைக்கு நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி வீங்கும், மெதுவாக உறிஞ்சப்படும். லேசான நீரிழப்புக்குச் சரி. அதிர்ச்சியில் இருக்கும் நாய்க்குத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கிடக்கும், திமில் திமிலாகவே நிற்கும்.

இந்த வழியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் வந்த 40 நாய்களை இரண்டாகப் பிரித்து, 20-ஐ உள்நோயாளியாகவும் 20-ஐ வெளிநோயாளி முறையிலும் நடத்திப் பார்த்தார்கள். உள்ளே வைத்ததில் 18 பிழைத்தன, வெளிநோயாளி முறையில் 16. முடிவு 2017-ல் வெளியானது. பணம் இல்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ‘வெளிநோயாளி’ என்ற சொல்லை நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நாய்களுக்கும் முதலில் நரம்பு வழியாக நீர் ஏற்றி அதிர்ச்சியைச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகுதான் நாளுக்குப் பல முறை தோலடி நீர், தினமும் வாந்தி தடுக்கும் ஊசி, நீண்ட நாள் வேலை செய்யும் ஒரு ஆன்டிபயாட்டிக், சர்க்கரை அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வது, சிரிஞ்சால் உணவு. அதாவது வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார வேண்டும். முடியுமென்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: ‘டாக்டர், சேர்க்க வசதியில்லை. முதல் சில மணி நேரம் இங்கேயே வைத்துத் தேற்றிவிட்டு, மீதியை வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுப்பீர்களா?’ டிரிப்ஸுக்காக நரம்பில் செருகிய சின்னக் குழாயை, அதாவது கேனுலாவை, எடுக்காமல் கட்டுப்போட்டு அனுப்பச் சொல்லலாம். கால் வீங்கினால், ஈரமானால், நாய் கட்டைக் கடித்தால் என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ப்பது

உள்ளே சேர்த்தால் என்ன கிடைக்கிறது? பம்ப் வழியாகவோ, சொட்டுகளை எண்ணியோ 24 மணி நேரமும் சீராக நீர் போகிறது. அதிர்ச்சியில் வந்த நாய்க்குக் கிலோவுக்குப் பத்து இருபது மில்லி வீதம் பதினைந்து இருபது நிமிடத்தில் கொடுத்து, துடிப்பையும் ஈறையும் பார்த்து, தேவைப்பட்டால் திரும்பக் கொடுக்கிறார்கள். பொட்டாசியம் குறைந்தால் சேர்க்கிறார்கள், குட்டிக்குச் சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ். புரதம் மிகவும் இறங்கி உடம்பு வீங்கத் தொடங்கினால் அதற்கேற்ப முறையை மாற்றுகிறார்கள். இவை எதுவும் ஒரு பாட்டிலில் நடக்காது.

ஏ.எச்.டி.எஸ்.-க்கு இன்னொரு விஷயம் சேர்ப்பதற்குச் சாதகமாக இருக்கிறது: இது சீக்கிரம் முடிகிற நோய். முறையாக நீர் ஏற்றினால் ஒன்றிரண்டு நாளில் தெளிவாகத் தேறும், உயிரிழப்பும் மிகக் குறைவு. ஜூலி இரண்டு இரவு இருந்தது. செலவு கனம்தான், ஆனால் எல்லை தெரிந்த செலவு. பார்வோ குட்டிக்கு ஐந்து ஏழு நாள் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். சேர்ப்பதா வேண்டாமா என்று பணத்தை எண்ணும்போது, இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு எண்ணுவது நல்லது.

ஆனால் ‘அட்மிஷன்’ என்று போர்டு இருப்பதால் மட்டும் அது அட்மிஷன் ஆகிவிடாது. சேர்ப்பதற்கு முன் ஒரே கேள்வி போதும்: ‘ராத்திரி பக்கத்தில் யார் இருப்பார்கள்?’ எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, காலையில் வந்து கூண்டைத் திறக்கும் இடம் என்றால், கேனுலாவோடு நாயை வீட்டுக்குக் கூட்டி வந்து நீங்களே விழித்திருப்பது மேல். குழாயில் அடைப்பு வந்தாலும், நாய் கடித்துப் பிடுங்கினாலும் பார்க்க ஆள் வேண்டும். இன்னொன்று, பார்வோ குட்டிகளைத் தனி அறையில் வைக்கிறார்களா என்று பாருங்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய இடம் நாற்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நாயை அலைக்கழிப்பதா என்று வீட்டில் வாதம் நடந்தது. அதிர்ச்சியில் இருக்கும் நாயை அப்படியே நெடுந்தூரம் கொண்டுபோவதும் ஆபத்துதான். அதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. அருகில் இருப்பவரிடம் கேனுலா போட்டு முதல் சுற்று நீரை ஏற்றிக்கொண்டு, பாட்டிலோடு கிளம்புவது. ஒருவர் பின் சீட்டில் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் தொடங்கி வைக்க, தூரத்தில் இருப்பவர் நடத்தி முடிக்கலாம். காலையில் பத்து மணிக்கே இதைச் செய்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

நகரங்களில் தனியார் அவசர மருத்துவமனைகள் வந்துவிட்டன. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு, ஆய்வகம் உள்ளேயே இருக்கும், கூட்டமும் இருக்கும். உங்களுக்கு அருகில் இருப்பது எது, இரவில் அங்கே யார் இருப்பார்கள் என்பதை நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தேடினால் கிடைப்பதெல்லாம் எடுக்கப்படாத எண்கள்தான்.

எந்தச் சோதனைக்கு முதலில் பணம்?

கையில் குறைந்த பணம் இருந்து, எல்லாச் சோதனையும் எழுதித் தந்தால், நான் முதலில் கேட்பது பி.சி.வி. மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில துளி ரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. கூடவே மொத்தப் புரதம். இந்த இரண்டும் சேர்ந்து சொல்வதுபோல் வேறெதுவும் சீக்கிரம் சொல்லாது.

நாய்க்கு பி.சி.வி. சாதாரணமாக 37-லிருந்து 55-க்குள் இருக்கும். ஏ.எச்.டி.எஸ்.-ல் 57-ஐத் தாண்டி 60, 70 என்றுகூடப் போகும். சாதாரண நீரிழப்பாக இருந்தால் புரதமும் கூடவே ஏற வேண்டும். இங்கே அது குடலுக்குள் ஒழுகிவிடுவதால் ஏறாது, இறங்கியும் இருக்கும். பி.சி.வி. மேலே, புரதம் கீழே என்ற இந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம். ஜூலிக்கு மாலையில் 64. நீர் ஏற்றிய பிறகு மறுநாள் காலை 48. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்கும் இந்த எண்தான் வழிகாட்டி.

இதே எண் தாழ்ந்திருந்தால் கதை வேறு. வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், உடம்பில் உண்ணி என்றால் உண்ணிக் காய்ச்சலைத் தேட வேண்டும். எர்லிக்கியா, பேபீசியா இரண்டும் நம் ஊரில் சர்வசாதாரணம். ரத்தத் தட்டணுக்கள் விழுந்திருக்கும். எலி மருந்து தின்ற நாய்க்கும் ரத்தம் போகும். உறைதலைத் தடுக்கும் வகை மருந்து என்றால் வைட்டமின் கே1 தான் மாற்றுமருந்து. தெருவில் யாராவது வைத்தார்களா என்று விசாரித்துவிட்டு, டப்பா கிடைத்தால் எடுத்துக்கொண்டே போங்கள். தார் மாதிரி கறுத்து நாறும் கழிச்சல் என்றால் ரத்தம் மேலே, இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிகிறது. வலி மாத்திரை கொடுத்தீர்களா என்று மருத்துவர் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள். குட்டியின் கழிச்சல் கறுத்து ஈறும் வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவாகவும் இருக்கலாம்.

குட்டி என்றால் மட்டும் என் வரிசை மாறும். முதலில் பார்வோ ஸ்ட்ரிப். சில நூறு ரூபாயில், பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். இரண்டு கோடு வந்தால் பார்வோ. ஒரே கோடு வந்தால் பார்வோ இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது; தொடக்கத்திலும் நோயின் கடைசியிலும் வைரஸ் குறைவாக வெளியேறும். தடுப்பூசி போட்ட ஒரு வாரத்துக்குள் லேசான கோடு தவறுதலாகவும் வரலாம். சந்தேகம் இருந்தால் வெள்ளணு எண்ணிக்கை தீர்த்து வைக்கும். பார்வோவில் அது பாதாளத்துக்கு இறங்கும், ஏ.எச்.டி.எஸ்.-ல் இறங்காது.

ஸ்கேன், எக்ஸ்ரே எல்லோருக்கும் வேண்டியதில்லை. வயிறு தொட்டால் கத்துகிறது, வாந்தி மட்டும் நிற்கவே இல்லை, மாங்கொட்டையோ துணியோ விழுங்கும் பழக்கம் உண்டு என்றால் வேண்டும். குடல் குடலுக்குள் செருகிக்கொள்வதும் குட்டிகளுக்கு நேரும். அதற்கு டிரிப்ஸ் பதில் சொல்லாது, அறுவைதான்.

ஆன்டிபயாட்டிக் போடுவதா வேண்டாமா

இந்த ஒன்றில் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பதில் கிடைத்தது. ரத்தம் வருகிறது, பாக்டீரியா காரணம் என்கிறார்கள், அப்படியானால் ஆன்டிபயாட்டிக் இல்லாமல் எப்படி? ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள், இதே நோய் வந்த, ரத்தத்தில் கிருமி பரவிய அறிகுறி இல்லாத 60 நாய்களை எடுத்து, சிலவற்றுக்கு அமாக்ஸிசிலின்-க்ளாவுலானிக் அமிலமும் மற்றவற்றுக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான அந்த முடிவில் பிழைத்த எண்ணிக்கையிலோ, தேறிய வேகத்திலோ, மருத்துவமனையில் இருந்த நாள்களிலோ வித்தியாசம் தெரியவில்லை. எல்லா நாய்க்கும் நீர் முறையாக ஏற்றியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கோ மிச்சமிருக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து வாரக்கணக்கில் கலைத்துவிடும்.

அதற்காக மருத்துவர் ஊசியை எடுக்கும்போது கையைப் பிடிக்காதீர்கள். காய்ச்சல், வெள்ளணுக்கள் மிகக் குறைந்தது அல்லது மிகக் கூடியது, நீர் ஏற்றியும் அதிர்ச்சி தீராதது, பார்வோ குட்டி — இவற்றில் ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும். உரிந்த குடல் வழியே கிருமி ரத்தத்துக்குள் புகும் ஆபத்து அங்கே உண்மையானது. ‘இவனுக்கு அது தேவைப்படும் நிலையா டாக்டர்?’ என்று கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

ரத்தம் நிற்கப் போடும் எத்தாம்சிலேட், டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றி ஒரு வரி: இங்கே ரத்தம் உறையாமல் போவதில்லை, உட்தோல் உரிவதால் போகிறது. அந்த ஊசியால் நமக்குத்தான் மனசு நிற்கிறது. அதே பணத்துக்கு இன்னொரு பாட்டில் ரிங்கர் லாக்டேட் வாங்கலாம். வாந்தி தடுக்கும் ஊசி, அதாவது மரோபிட்டன்ட் அல்லது ஒண்டான்செட்ரான், உண்மையிலேயே பயன் தரும். வாந்தி நின்றால்தான் வாய் வழியே எதையும் தர முடியும்.

உணவு விஷயத்திலும் பழைய பழக்கம் மாறியிருக்கிறது. இரண்டு நாள் பட்டினி போடுவது என்ற காலம் போய்விட்டது. தென்னாப்பிரிக்காவில் 30 பார்வோ குட்டிகளிடம் செய்த ஆய்வு 2003-ல் வந்தது. சேர்த்த 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்தவை, வாந்தி நிற்கும்வரை பட்டினி போட்டவற்றைவிட ஒரு நாள் முன்னதாகவே தேறத் தொடங்கின, எடையும் கூடின. குடல் தன் உணவைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே வாந்தி அடங்கியதும், ஒரு தேக்கரண்டி அளவிலாவது தொடங்குவது நல்லது.

போகும்போது கையில் என்ன கொண்டுபோவது என்று கேட்டார் ஒரு நண்பர். தடுப்பூசி அட்டை, கழிச்சலின் போட்டோ, முடிந்தால் சின்ன டப்பாவில் கொஞ்சம் மாதிரி, வாந்தி, கழிச்சல் வந்த நேரங்கள், கடைசி இரண்டு நாள் தின்றது. எடையும் தெரிந்திருந்தால் நல்லது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் போதும். மழைக்காலத்தில் கண்ணும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தால் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக் காய்ச்சல், சந்தேகம். அது மனிதருக்கும் தொற்றும், கையுறை இல்லாமல் சிறுநீரைத் தொடாதீர்கள்.

வீட்டைக் கழுவுவதற்கும் நோய் எது என்று தெரிய வேண்டும். ஏ.எச்.டி.எஸ். அடுத்த நாய்க்குப் பரவுவதாகத் தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் போதும். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் வீடுகளில் வாளி வாளியாக ஊற்றும் ஃபினாயில் அதை ஒன்றும் செய்யாது. கழிச்சலை முழுக்க வழித்துக் கழுவிய பிறகு, வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அந்தத் தெருவில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால் அதன் வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை தடுப்பூசி போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு ‘ஊசி போட்ட குட்டிதான்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டு மூன்று நாள் ஆகியும் தேறவில்லை என்றால் அது ஏ.எச்.டி.எஸ். என்ற முடிவையே திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அடிசன்ஸ் போன்ற ஹார்மோன் குறை, கணைய அழற்சி, உள்ளே சிக்கிய பொருள் என்று தேட வேண்டியவை இருக்கின்றன.

ஜூலி மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்கு வந்தது. சோறும் கோழியும் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டது. அன்றும் மலம் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அம்மாவுக்குப் புதுக் கவலை வந்துவிட்டது. ‘இப்போ மலச்சிக்கலாயிடுச்சு, டாக்டருக்குப் போன் போடு’ என்றார். போட்டேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம். ‘குடலில் ஒன்றுமே இல்லையே சார், எங்கிருந்து வரும்? இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.’